விடையிலிருந்து வினாவுக்கு

ஒரு பெண்மணியின் கணவர் மரணித்துவிட்டார். அவருக்குப் பிள்ளைகள் உள்ளனர். சில மாதங்கள் கழிந்தபின் உறவினர்கள் கூடி, மூன்று இலட்சம் ரூபாயை அவர் கையில் கொடுத்து, இது மார்க்கம் உங்களுக்கு விதித்த எட்டிலொரு பங்கு என்று கூறுகின்றனர். மொத்தச் சொத்து எவ்வளவு என்பதை யாரும் அவரிடம் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. இத்தா முடிந்து, துயரம் சற்றே தணிந்த பிறகு அவருடைய மனத்தில் ஒரு கேள்வி எழுகிறது: கொடுத்தது சரியான பங்குதானா?

இத்தகைய கேள்விகளோடு வருவோர் பெரும்பாலும் கையில் ஒரே ஓர் எண்ணைத்தான் வைத்திருப்பார்கள். அதுவும் கடைசி எண்ணாக இருக்கும். பத்திரமோ, கடன் பட்டியலோ, வஸிய்யத் எழுதிய தாளோ அவர்களிடம் இருப்பதில்லை. ஆயினும் அந்தக் கடைசி எண்ணே பல உண்மைகளைப் பேசும், பேசவைக்கத் தெரிந்தால். மூன்று இலட்சம் எட்டிலொன்று என்றால், பங்கு வைக்கப்பட்ட சொத்து இருபத்து நான்கு இலட்சம். வீடு, கடை, ஊருக்கு வெளியே உள்ள நிலம் ஆகிய மூன்றும் சேர்ந்து இருபத்து நான்கு இலட்சம்தானா என்பதை அந்தப் பெண்மணியே மதிப்பிட்டுக்கொள்ளலாம். அதற்கு ஆலிம் தேவையில்லை, வக்கீலும் தேவையில்லை.

முடிவிலிருந்து தொடக்கத்தை நோக்கி நடக்கும் இந்த வழிக்கு அரபுக் கணித நூல்களில் ‘அல்அமலு பில்அக்ஸ்’ என்று பெயர். எதிர்த்திசையில் செயல்படுதல் என்பது அதன் பொருள். பள்ளிக்கூடங்களில் கதைபோல் சொல்லப்படும் கணக்குகளைப் பார்த்தவுடன், அதிலுள்ள எண்களையெல்லாம் பொறுக்கியெடுத்துக் கூட்டவோ பெருக்கவோ முற்படும் நம் பிள்ளைகளுக்கு முதலில் கற்றுத்தர வேண்டிய வழி இதுவே என்பது நமது கருத்து. இதன் வரலாறு நம் சமுதாயத்தின் அறிவு வரலாற்றோடும், அதற்கு அப்பாலும் பின்னிக் கிடக்கிறது.

வரலாற்றுக்குள் செல்லுமுன், மேற்சொன்ன கணக்கைச் சற்று முழுமையாகப் பார்த்துவிடுவோம். ஏனெனில் எட்டால் பெருக்குவதோடு விஷயம் முடிவதில்லை. இறந்தவர் விட்டுச்சென்றதிலிருந்து முதலில் கஃபன், அடக்கச் செலவுகள், பின்னர் கடன்கள், அதன்பின் மூன்றிலொன்றைத் தாண்டாத வஸிய்யத், இவை போக எஞ்சியதுதான் வாரிசுகளுக்கு. திருக்குர்ஆனின் நான்காம் அத்தியாயம் 11, 12 ஆகிய வசனங்கள் பங்குகளைக் கூறும்போதெல்லாம், வஸிய்யத்தும் கடனும் நிறைவேற்றப்பட்ட பிறகே என்பதைத் திரும்பத் திரும்ப நினைவூட்டுகின்றன. மனைவிக்குக் கொடுக்கப்படாத மஹரும் கடன் என்பதை நம்மூர்களில் பலர் மறந்துவிடுகிறார்கள். அது பங்கிலிருந்து கழிக்கப்படுவதன்று, பங்குக்கு முன்பே தரப்பட வேண்டியது.

ஒருவர் விட்டுச்சென்றது 30,20,000 ரூபாய் என்று கொள்வோம். அடக்கச் செலவு 20,000 போக 30 இலட்சம். கடன் 2 இலட்சம் போக 28 இலட்சம். அதில் ஏழிலொன்றை ஒரு மத்ரஸாவுக்கு வஸிய்யத் செய்திருக்கிறார். அது 4 இலட்சம். எஞ்சியது 24 இலட்சம். மனைவியின் எட்டிலொன்று 3 இலட்சம். இது முன்னோக்கிய நடை.

இப்போது திரும்பி நடப்போம். 3 இலட்சத்தை எட்டால் பெருக்க 24 இலட்சம். அடுத்தபடி வஸிய்யத். இங்கேதான் பலர் இடறி விழுகின்றனர். ஏழிலொன்று போயிற்றல்லவா, ஆகவே 24 இலட்சத்தில் ஏழிலொன்றைக் கூட்டிவிடலாம் என்று எண்ணுகின்றனர். அது தவறு. ஏழு பாகத்தில் ஒரு பாகம் போனபின் கையிலிருப்பது ஆறு பாகம். ஆகவே போனதைத் திரும்பக் கூட்டும்போது, இருப்பதில் ஆறிலொன்றைக் கூட்ட வேண்டும். 24 இலட்சத்தில் ஆறிலொன்று 4 இலட்சம், மொத்தம் 28. அதனோடு கடன் 2 இலட்சம், அடக்கச் செலவு 20,000 சேர்த்தால் 30,20,000 வந்துவிடுகிறது. போகும்போது ஏழிலொன்றாக இருந்தது வரும்போது ஆறிலொன்றாக மாறுவதைப் பிள்ளைகள் ஒருமுறை கண்டுகொண்டால் போதும், பின்னர் மறக்கமாட்டார்கள்.

இந்தப் பங்கீட்டுக் கணக்குகளே அல்ஜீப்ரா எனும் துறை பிறப்பதற்கு ஒரு முக்கியக் காரணமாக இருந்தன என்பது நம்மில் பலர் அறியாத செய்தி. கலீஃபா மஃமூன் (ஆட்சி 813–833) காலத்தில் பக்தாதில் வாழ்ந்த முஹம்மது இப்னு மூஸா அல்குவாரிஸ்மீ (ரஹ்) அவர்கள், அல்ஜப்ர் வல்முகாபலா பற்றித் தாம் எழுதிய நூலின் முன்னுரையிலேயே அந்நூல் எதற்கு என்பதைச் சொல்லிவிடுகிறார்: வாரிசுரிமை, வஸிய்யத், பங்கீடு, வழக்கு, வணிகம், நிலம் அளத்தல், கால்வாய் வெட்டுதல் ஆகிய காரியங்களில் மக்களுக்கு அன்றாடம் தேவைப்படும் எளிய கணக்குக்காக. நூலின் ஏறத்தாழப் பாதி வஸிய்யத், வாரிசுக் கணக்குகளுக்கே ஒதுக்கப்பட்டுள்ளது. 1145-இல் ராபர்ட் என்பவர் ஸ்பெயினில் அதை இலத்தீனுக்கு மாற்றியபோது அந்தப் பாதியை விட்டுவிட்டார். கிரிமோனா நகரத்து ஜெரார்டும் அவ்வாறே செய்தார். ஐரோப்பியருக்கு நம் வாரிசுச் சட்டத்தால் பயனில்லை என்பது புரிந்துகொள்ளத்தக்கதே. ஆனால் அதன் விளைவாக, சமன்பாடு என்றால் அது விதவைகளுக்கும் அநாதைகளுக்கும் உரியதைக் கணக்கிடப் பயன்பட்ட கருவி என்ற நினைவு உலகத்திடமிருந்து மறைந்தது. நம் பிள்ளைகளிடமிருந்தும் மறைந்துவிட்டதுதான் வருத்தத்துக்குரியது. 1831-இல் ரோசன் என்பவர் இலண்டனில் வெளியிட்ட ஆங்கில மொழிபெயர்ப்பில்தான் அந்தப் பகுதியும் இடம்பெற்றது.

எதிர்த்திசை வழியைத் தனியொரு பாடமாக வகுத்துத் தந்த நூல்களுள் நம் நாட்டு மத்ரஸாக்களுக்கு மிக நெருக்கமானது ‘குலாஸத்துல் ஹிஸாப்’. கணிதத்தின் சாரம் என்று பொருள்படும் இச்சிறு நூலை எழுதியவர் பஹாவுத்தீன் அல்ஆமிலீ. 1547-இல் பஅல்பக்கில் பிறந்து, இஸ்ஃபஹானில் வாழ்ந்து, பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கேயே மறைந்தவர். அவர் ஷீஆ அறிஞர். ஆயினும் இலக்னோவின் ஃபிரங்கி மஹலில் முல்லா நிஜாமுத்தீன் (மறைவு 1748) வகுத்த பாடத்திட்டத்தில் இந்நூல் இடம்பெற்று, ஸுன்னத் ஜமாஅத் மத்ரஸாக்களில் தலைமுறை தலைமுறையாக ஓதப்பட்டது. கணக்குக்கு மத்ஹபு கிடையாது என்பதை அன்றைய உலமாக்கள் நன்கு உணர்ந்திருந்தார்கள்.

அந்நூலில் பத்து அத்தியாயங்கள். அறியாத எண்ணைக் கண்டறியும் வழிகளை ஆசிரியர் ஒரு வரிசையில் அமைக்கிறார்: மூன்றாவதில் விகித முறை, நான்காவதில் ‘இரு பிழை’ முறை, ஐந்தாவதில் எதிர்த்திசை முறை. அல்ஜப்ர் எட்டாவதில்தான் வருகிறது. எளியதை முதலில் தந்து, அதனால் இயலாதபோது மட்டும் வலியதைத் தரும் அந்த வரிசை ஓர் ஆசிரியருக்கே உரிய கண்ணோடு அமைந்தது என்று நமக்குத் தோன்றுகிறது. இன்று ஆறாம் வகுப்பிலேயே எழுத்தைக் கொடுத்துச் சமன்பாடு போடச் சொல்லிவிடுகிறோம். அது என்ன செய்கிறது என்பது பிள்ளைக்குத் தெரிவதற்குள் தேர்வு வந்துவிடுகிறது.

எதிர்த்திசை அத்தியாயத்தில் அவர் தரும் எடுத்துக்காட்டு இது. ஓர் எண் தன்னாலேயே பெருக்கப்பட்டது, வந்ததோடு இரண்டு கூட்டப்பட்டது, அது இரட்டிப்பாக்கப்பட்டது, மூன்று கூட்டப்பட்டது, ஐந்தால் வகுக்கப்பட்டது, பத்தால் பெருக்கப்பட்டது, கிடைத்தது ஐம்பது. எண் எது?

ஐம்பதைப் பிடித்துக்கொண்டு திரும்புவோம். கடைசியாகப் பத்தால் பெருக்கினார்கள், ஆகவே பத்தால் வகுக்க 5. ஐந்தால் வகுத்தார்கள், ஆகவே ஐந்தால் பெருக்க 25. மூன்றைக் கழிக்க 22. பாதியாக்க 11. இரண்டைக் கழிக்க 9. தன்னாலேயே பெருக்கப்பட்டது என்பதால் வர்க்கமூலம்: 3. ஒவ்வொரு படியிலும் செயல் தலைகீழாகிறது என்பது மட்டுமன்று. படிகளின் வரிசையும் தலைகீழாகிறது. இரண்டாவதைத்தான் பிள்ளைகள் மறக்கிறார்கள். சட்டையின் மேல் கோட்டு அணிந்தவர், கோட்டைக் கழற்றிய பிறகே சட்டையைக் கழற்ற முடியும் என்று சொன்னால் உடனே சிரித்துப் புரிந்துகொள்வார்கள்.

இந்த வழி அரபு நாட்டில்தான் முதன்முதல் தோன்றியது என்று நாம் உரிமை கொண்டாட மாட்டோம். அது நேர்மையாகாது. 499-இல் இயற்றப்பட்ட ஆரியபட்டரின் நூலிலேயே, பெருக்கல் வகுத்தலாகவும் வகுத்தல் பெருக்கலாகவும், கூட்டல் கழித்தலாகவும் கழித்தல் கூட்டலாகவும் மாறும் இந்த விதி தெளிவாகக் கூறப்பட்டுள்ளது. 1150-இல் பாஸ்கராச்சாரியார் எழுதிய லீலாவதி அதை விரித்துரைக்கிறது. அந்த லீலாவதியை அக்பரின் ஆணைப்படி 1587-இல் பாரசீகத்துக்குக் கொண்டுவந்தவர் அபுல்ஃபைஸ் ஃபைஸீ. இவ்வாறு நம் முன்னோர்களின் பாரசீகக் கல்விக்குள்ளும் அது நுழைந்தது.

லீலாவதியில் உள்ள கணக்கு ஆமிலீயின் கணக்கைவிடக் கடினமானது. ஓர் எண்ணை மூன்றால் பெருக்கு, வந்ததில் முக்கால் பங்கை அதனோடு கூட்டு, ஏழால் வகு, ஈவில் மூன்றிலொன்றைக் கழி, தன்னாலேயே பெருக்கு, 52-ஐக் கழி, வர்க்கமூலம் எடு, 8 கூட்டு, 10-ஆல் வகு, கிடைப்பது 2. திரும்பும் வழி: இரண்டைப் பத்தால் பெருக்க 20, எட்டைக் கழிக்க 12, வர்க்கம் 144, ஐம்பத்திரண்டைக் கூட்ட 196, வர்க்கமூலம் 14. இப்போது, மூன்றிலொன்று கழிக்கப்பட்ட இடம். மூன்று பாகத்தில் இரண்டு பாகமே எஞ்சியிருப்பதால், இருப்பதில் பாதியைக் கூட்ட வேண்டும்: 21. ஏழால் பெருக்க 147. அடுத்து, முக்கால் பங்கு கூட்டப்பட்ட இடம். நான்கு பாகம் ஏழு பாகமாகியிருக்கிறது; ஆகவே ஏழில் மூன்றைக் கழிக்க வேண்டும்: 84. மூன்றால் வகுக்க 28. தன் பங்கையே கூட்டியோ கழித்தோ செய்த படிகளில் பின்னத்தின் கீழெண்ணை மாற்ற வேண்டும் என்று பாஸ்கரர் தனியே ஒரு விதியாகவே எச்சரிக்கிறார். நாம் முன்பு கண்ட ஏழிலொன்று ஆறிலொன்றாகும் இடமும் இதுவே. எண்ணூறு ஆண்டுகளுக்கு முன்னும் மாணவர்கள் இதே இடத்தில்தான் இடறியிருக்கிறார்கள் போலும்.

மேற்குக்கு இது சென்ற வழியில் ஒரு முஸ்லிம் துறைமுகமும் இருக்கிறது. பீசா நகரத்து லியனார்டோ, ஃபிபனாச்சி என்று அறியப்படுபவர், சிறுவனாக இருந்தபோது அவருடைய தந்தை இன்றைய அல்ஜீரியாவிலுள்ள பிஜாயாவில் பீசா வணிகர்களின் சார்பில் பணியாற்றினார். அங்கேதான் அவர் இந்திய எண்களைக் கற்றார். 1202-இல் அவர் எழுதிய பெருநூலில் ஒரு பழத்தோட்டக் கணக்கு வருகிறது. ஏழு வாயில்கள் உள்ள தோட்டத்தில் ஒருவன் ஆப்பிள் பறித்தான். வெளியேறும்போது முதல் காவலனுக்குத் தன்னிடமுள்ளதில் பாதியும் மேலும் ஒன்றும் கொடுத்தான். எஞ்சியதில் பாதியும் மேலும் ஒன்றும் இரண்டாம் காவலனுக்கு. இவ்வாறே ஏழு காவலர்க்கும் கொடுத்து வெளியே வந்தபோது அவன் கையில் ஒரே ஓர் ஆப்பிள். பறித்தது எத்தனை? ஒன்றைக் கூட்டு, இரட்டிப்பாக்கு. இதை ஏழு முறை செய்: 4, 10, 22, 46, 94, 190, 382. வீட்டில் பிள்ளைகளோடு அமர்ந்து புளியங்கொட்டைகளை வைத்து மூன்று வாயிலுக்கு மட்டும் செய்து பாருங்கள். பத்து வயதுப் பிள்ளை தானே ஏழாம் வாயில் வரை சென்றுவிடும்.

இனி, இந்த வழி எங்கே கைவிடும் என்பதைச் சொல்ல வேண்டும். அதைச் சொல்லாமல் விடுவது பாதிக் கல்வி.

ஒருவர் 90 திர்ஹம் விட்டு மரணிக்கிறார். வாரிசுகள் மூன்று ஆண் மக்கள் மட்டும். வாரிசல்லாத ஒருவருக்கு அவர் செய்த வஸிய்யத் இது: என் மகன் ஒருவனுக்குக் கிடைக்கும் பங்குக்குச் சமமானதும், மேலும் பத்து திர்ஹமும். இங்கே வஸிய்யத் எவ்வளவு என்று தெரிந்தால்தான் மகனின் பங்கு தெரியும். மகனின் பங்கு தெரிந்தால்தான் வஸிய்யத் எவ்வளவு என்று தெரியும். திரும்பி நடக்கக் கடைசிப் படி என்று ஒன்றில்லை. பாம்பு தன் வாலைக் கவ்விக்கொண்டு கிடக்கிறது. அறியாத எண் கணக்கில் ஓரிடத்தில் மட்டும் இருந்தால் எதிர்த்திசை போதும். இரண்டு இடங்களில் வந்துவிட்டால் போதாது. அல்குவாரிஸ்மீ (ரஹ்) அவர்களின் வஸிய்யத் கணக்குகள் இவ்வகையினவே. ஆகவே அவர் அறியாததற்கு ‘ஷைஉ’, அதாவது ‘ஒரு பொருள்’ என்று பெயரிட்டார். மகனின் பங்கு ஒரு பொருள். வஸிய்யத் ஒரு பொருளும் பத்து திர்ஹமும். மூன்று மக்களுக்கு மூன்று பொருள். ஆக நான்கு பொருளும் பத்து திர்ஹமும் சேர்ந்து 90. இப்போது கணக்கு நேராகிவிட்டது. இனித் திரும்பி நடக்கலாம். பத்தைக் கழிக்க 80, நான்கால் வகுக்க 20. மகனுக்கு 20, வஸிய்யத் 30. அது 90-இல் மூன்றிலொன்றைத் தாண்டவில்லை, ஆகவே செல்லும். ஸஅத் இப்னு அபீவக்காஸ் (ரலி) அவர்களுக்கு நபி (ஸல்) அவர்கள் விதித்த எல்லை அதுதான். மூன்றிலொன்றே அதிகம் என்றும் அவர்கள் கூறியது நாம் அறிந்ததே.

‘ஷைஉ’ என்ற சொல்லை இலத்தீனிலும் இத்தாலியத்திலும் ‘பொருள்’ என்றே மொழிபெயர்த்தார்கள். இத்தாலியில் நெடுங்காலம் அல்ஜீப்ராவுக்கே அதனால் ‘கோசா’க் கலை என்ற பெயர் வழங்கிற்று.

எழுத்தும் பெயரும் வேண்டாம், எண்கள் மட்டும் போதும் என்பவர்களுக்கு ‘ஹிஸாபுல் கதஅய்ன்’ எனும் இரு பிழை முறை இருந்தது. வேண்டுமென்றே இரண்டு முறை தவறாக ஊகிப்பது. மேலுள்ள கணக்கில் மகனின் பங்கு 12 என்று ஊகித்தால் மொத்தம் 58 வரும், 32 குறைவு. 24 என்று ஊகித்தால் 106, 16 மிகுதி. முதல் ஊகத்தை இரண்டாம் பிழையாலும், இரண்டாம் ஊகத்தை முதல் பிழையாலும் பெருக்க 192, 768. இரண்டையும் கூட்டினால் 960. பிழைகளின் கூட்டுத்தொகை 48. 960-ஐ 48-ஆல் வகுக்க 20. ஒன்று குறைவாகவும் ஒன்று மிகுதியாகவும் இருந்தால் கூட்ட வேண்டும். இரண்டும் ஒரே பக்கம் இருந்தால் கழிக்க வேண்டும். இந்த முறை ஏன் சரியாக வருகிறது என்பதற்கு நிறுவல் எழுதியவர் குஸ்தா இப்னு லூகா. மராக்கேஷ் நகரத்து இப்னுல் பன்னா (1256–1321) இதைத் தராசின் இரு தட்டுகளாக வரைந்து காட்டினார்.

வடிவியலாளர்களும் இதே கேள்வியை வேறொரு தளத்தில் எழுப்பினர். தேடுவது கிடைத்துவிட்டதாகவே கொண்டு, அதிலிருந்து அறிந்தவற்றை நோக்கிப் பின்செல்வதை அவர்கள் ‘தஹ்லீல்’ என்றார்கள். அறிந்ததிலிருந்து தேடியதை நோக்கி மீண்டும் முன்வருவது ‘தர்கீப்’. கிரேக்கரிடமிருந்து பெற்ற இம்முறையைப் பற்றித் தாபித் இப்னு குர்ராவின் பேரரான இப்ராஹீம் இப்னு ஸினான் (909–946) ஒரு நூலே எழுதினார். பகுப்பாய்வைச் சுருக்கி எழுதிவிட்டு நிறுவலில் வேறு வழி செல்லும் வடிவியலாளர்களை அவர் அதில் கண்டிக்கிறார். பஸ்ராவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த இப்னுல் ஹைஸம் (ரஹ்) அவர்களும் அதே பொருளில் தனி நூல் இயற்றினார். இவர்கள் வலியுறுத்துவதன் சுருக்கம், பின்சென்று கண்டதை முன்வந்து சரிபார்க்காதவரை அது நிறுவப்பட்டதாகாது என்பதே. ஆமிலீயின் கணக்கில் நாம் 3 என்று கண்டோம். இன்றைய பள்ளி மாணவன் கழித்தல் 3-உம் ஒரு விடை என்பான். அதையும் முன்னோக்கிப் போட்டால் ஐம்பதே வரும். திரும்பும் பாதையில் சில இடங்களில் கிளைகள் உண்டு.

வாரிசுக் கணக்கில் அந்தக் கிளை மிகவும் கவனத்துக்குரியது. அலி (ரலி) அவர்கள் மிம்பரில் உரையாற்றிக்கொண்டிருந்தபோது ஒருவர் கேட்டாராம்: மனைவி, இரு பெண் மக்கள், தாய், தந்தை ஆகியோரை விட்டு ஒருவர் மரணித்தால் மனைவியின் பங்கு என்ன? உரையை நிறுத்தாமலே, அவளுடைய எட்டிலொன்று ஒன்பதிலொன்றாகிவிட்டது என்று அவர்கள் விடையளித்ததாக அறிவிக்கப்படுகிறது. அதனாலேயே ஃபராயிள் நூல்களில் இதற்கு ‘மிம்பரிய்யா’ என்று பெயர். சொத்தை 24 பாகமாக்கினால் மனைவிக்கு 3, பெண் மக்களுக்கு 16, தாய்க்கு 4, தந்தைக்கு 4. மொத்தம் 27 ஆகிவிடுகிறது. பாகங்கள் மிஞ்சும்போது எல்லோருடைய பங்கையும் அதே விகிதத்தில் குறைப்பது ‘அவ்ல்’. 24-க்குப் பதில் 27 பாகமாக்கிப் பிரிப்பார்கள்.

இப்போது முதலில் சொன்ன பெண்மணியின் மூன்று இலட்சத்துக்கு வருவோம். அவருக்கு ஆண் மக்கள் இல்லாமல் இரு பெண் மக்கள் மட்டும் இருந்து, கணவரின் பெற்றோரும் உயிரோடிருந்தால், அந்த மூன்று இலட்சத்தை எட்டால் பெருக்குவது பிழை. ஒன்பதால் பெருக்க வேண்டும். சொத்து 27 இலட்சம்: பெண் மக்களுக்கு 16, பெற்றோருக்கு நான்கு நான்காக 8, மனைவிக்கு 3. எண் மாறவில்லை, வாரிசுகளின் பட்டியல் மாறியது, அதனால் தொடக்கம் மாறிவிட்டது. ஆகவே பின்னோக்கிச் செல்பவர் முதலில் கேட்க வேண்டியது தொகையை அன்று. மரணத்தின் நாளில் யார் யார் உயிரோடிருந்தார்கள் என்பதை.

இந்த இடத்தில், பயான்களில் அடிக்கடி கூறப்படும் பதினேழு ஒட்டகக் கதை நினைவுக்கு வருகிறது. மூன்று பிள்ளைகளுக்குப் பாதி, மூன்றிலொன்று, ஒன்பதிலொன்று என்று தந்தை பிரித்தாராம். அலி (ரலி) அவர்கள் தம் ஒட்டகம் ஒன்றைச் சேர்த்துப் பதினெட்டாக்கிப் பிரித்துவிட்டு, மிஞ்சிய தம் ஒட்டகத்தைத் திரும்பப் பெற்றார்களாம். சிந்தனைக்கு விருந்தான கணக்குதான். அந்தப் பின்னங்களைக் கூட்டினால் ஒன்று வருவதில்லை, பதினெட்டில் பதினேழுதான் வருகிறது என்பதே அதன் சூட்சுமம். ஆனால் திருக்குர்ஆன் கூறும் பங்குகள் பாதி, நான்கிலொன்று, எட்டிலொன்று, மூன்றிலிரண்டு, மூன்றிலொன்று, ஆறிலொன்று ஆகிய ஆறே. தந்தை தம் ஆண் மக்களுக்குள் இப்படி ஏற்றத்தாழ்வாக வாரிசுப் பங்கை வகுத்துவிட்டுப் போக ஷரீஅத்தில் இடமும் இல்லை. கதையைக் கதையாகச் சொல்லலாம். மார்க்கச் சட்டத்துக்குச் சான்றாகச் சொல்லக் கூடாது.

ஸகாத்திலும் இந்தக் கணக்கு உதவும். ஆண்டுதோறும் ரமலானில் ஒரு தொகையை மனம்போல் ஒதுக்கிக் கொடுத்துவிட்டு, ஸகாத் கொடுத்தாயிற்று என்று அமைதியடைபவர்கள் உண்டு. கொடுத்தது 5,000 என்றால் அதை நாற்பதால் பெருக்கிப் பாருங்கள்: 2,00,000. ஓராண்டு நிறைவடைந்த உங்கள் தங்கம், ரொக்கம், கடைச் சரக்கு அனைத்தும் சேர்ந்து இவ்வளவுதானா?

நம் ஊர்களில் பின்னோக்கிய கணக்கு அதிகம் தேவைப்படும் இடம் ‘முனாஸகா’. ஒருவர் இறந்து சொத்து பிரிக்கப்படாமலே கிடக்கும். அதற்குள் வாரிசுகளில் ஒருவரும் இறந்துவிடுவார். பட்டா இன்னும் பாட்டனார் பெயரிலேயே இருக்கும். மூன்று தலைமுறை கடந்து யாரோ ஒருவர் விற்க முற்படும்போதுதான் வாக்குவாதம் தொடங்கும். ஸிராஜீயும் ரஹபிய்யாவும் ஓதிய மாணவர்களுக்கு இதற்கு வழி தெரியும்: கடைசி மரணத்தில் நிற்காமல், முதல் மரணம் வரை பின்சென்று, அங்கிருந்து ஒவ்வொரு மரணமாகப் பங்கிட்டுக்கொண்டே முன்வர வேண்டும்.

ஓர் எளிய எடுத்துக்காட்டு. மனைவியையும் பெற்றோரையும் முன்பே இழந்த ஒருவர், ஒரு மகனையும் ஒரு மகளையும் விட்டு மரணித்தார். மகனுக்கு மூன்றிலிரண்டு, மகளுக்கு மூன்றிலொன்று. வீடும் தோப்பும் பிரிக்கப்படவில்லை. சில ஆண்டுகளில் அந்த மகளும், தம் கணவரையும் ஒரே மகனையும் விட்டு மரணித்தார். இப்போது தாய்மாமன், என் தங்கை பாகம் பிரிக்கும் முன்பே இறந்துவிட்டாள், ஆகவே அவள் பிள்ளைக்கு இதில் ஒன்றுமில்லை என்கிறார். பலர் இதை நம்பியும் விடுகின்றனர். தந்தைக்கு முன்பே மகள் இறந்திருந்தால் நிலைமை வேறு. மகன் உயிரோடிருக்க மகளின் பிள்ளை வாரிசாகமாட்டான். ஆனால் இங்கே தந்தை இறந்த அந்த நொடியிலேயே மகளின் மூன்றிலொன்று அவளுக்கு உரிமையாகிவிட்டது. பாகப்பத்திரம் எழுதுவது அந்த உரிமையை உண்டாக்குவதில்லை. எழுதாமலிருப்பது அதை அழிப்பதுமில்லை. அவளுடைய மூன்றிலொன்றில் கணவருக்கு நான்கிலொன்று, மகனுக்கு எஞ்சிய முக்கால். அவளுக்கு மகன் இருப்பதால் அவளிடமிருந்து சகோதரருக்கு எதுவும் வராது.

முழுச் சொத்தையும் 12 பாகமாக்கினால் மகளின் மகனுக்கு 3, மருமகனுக்கு 1, மாமனுக்கு 8. அந்தப் பையனிடம் ஆறு இலட்சம் கொடுத்து, இதுதான் உன் பங்கு என்று மாமன் கூறினால், பையன் இவ்வாறு திரும்பி நடக்க வேண்டும்: ஆறு இலட்சம் என் தாயின் பங்கில் முக்கால், ஆகவே தாயின் பங்கு எட்டு இலட்சம். அது பாட்டனார் சொத்தில் மூன்றிலொன்று. ஆகவே கடனும் வஸிய்யத்தும் போகச் சொத்து இருபத்து நான்கு இலட்சம். என் தந்தைக்கு இரண்டு, எனக்கு ஆறு, மாமாவுக்குப் பதினாறு. இதையெல்லாம் எழுதிக்கொண்டபின், வீட்டையும் தோப்பையும் இன்றைய விலைக்கு மதிப்பிடத் தெரிந்த இருவரை அழைத்துவந்து, அந்த இருபத்து நான்கு சரிதானா என்று கேட்க வேண்டும்.